வளவில் வாடும் மணி பிளான்ட்: உரத்தை நிறுத்துங்கள், வேரைப் பாருங்கள்

தேவகோட்டையில் இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆத்தா பல வருடம் வளர்த்த மணி பிளான்ட் கொடி. ஆத்தா காலமான பிறகு அதை எடுத்துவந்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பெரிய பீங்கான் ஜாடியில் ஐப்பசியில் நட்டு, வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணோரம் வைத்திருக்கிறார்கள். கார்த்திகை முடிவதற்குள் அடி இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. இப்போது மார்கழியில் தண்டின் அடிப்பகுதி கருத்துவிட்டது. தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார்கள். டிஏபி உரம் கொஞ்சம் போட்டார்கள், அரிசி கழுவிய தண்ணீர் விட்டார்கள், டீத்தூளும் தூவினார்கள். "இன்னும் என்ன உரம் போடலாம்? மாசியில் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போகிறேன், அதற்குள் தேறுமா?" என்பது கேள்வி.

ஆச்சி, கொடியைக் காப்பாற்றலாம். ஜாடிக்குள் இருக்கிற வேர் பிழைக்குமா என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும், ஆனால் கொடி பிழைக்கும். அதற்கு இப்போதைக்கு ஒரு உரமும் வேண்டாம். தண்ணீரையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இந்தச் செடிக்குப் பசி இல்லை. வேருக்குக் காற்று கிடைக்கவில்லை.

வேரும் உயிருள்ள உறுப்புதான். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற இடைவெளி வழியாகத்தான் வேருக்குப் போகிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீருக்குள் பரவும். சில நாளில் வேர் நுனிகள் செத்துப்போகும். செத்த வேரைத் தின்ன பித்தியம், பைட்டோப்தோரா மாதிரி அழுகல் கிருமிகள் ஈர மண்ணில் காத்திருக்கும். அவை செத்ததோடு நிற்காமல் நல்ல வேருக்கும் ஏறும், அப்புறம் தண்டுக்கும் ஏறும். நீங்கள் பார்த்த கருப்பு அதுதான்.

இதில் எல்லோரையும் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. வேர் அழுகினால் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீர் இல்லாத செடி எப்படி இலையைத் தொங்கப் போடுமோ, அப்படியே இதுவும் போடும். பார்க்கிறவர் பாவம் தாகம் என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார். வீட்டுச் செடிகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். மண் காய்ந்து இலை தொங்கினால் தண்ணீர் கொடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடாதீர்கள். பிரச்சினை அடியில் இருக்கிறது.

பீங்கான் ஜாடி விஷயத்துக்கு வருகிறேன். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் வைத்திருந்த ஜாடிகள், மங்கு என்கிற எனாமல் சாமான்கள், பித்தளைத் தவலைகள் எல்லாம் இப்போது பூந்தொட்டி ஆகிவிட்டன. பார்க்க மிகவும் அழகுதான். ஆனால் அவை எண்ணெய் கசியாமல் இருக்கச் செய்தவை. அடியில் ஓட்டை கிடையாது, பக்கவாட்டில் பளபளப்புப் பூச்சு, எந்தப் பக்கமும் ஈரம் வெளியேறாது. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்து வெடித்திருக்கும், அதே நேரம் அடி அரைச்சாண் சேறாக இருக்கும். விரலை விட்டுப் பார்த்தால்கூடத் தெரியாது. காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை அடி வரைக்கும் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சியின் நுனி கருப்பாக ஈரமாக வந்து, சாக்கடை வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல மண்ணில் முதல் மழை வாசனைதான் வரும்.

அடியில் கூழாங்கல் போட்டுத்தான் நட்டேன் என்று பலர் சொல்வார்கள். கல் அடுக்கு வடிகால் ஆகாது. பொடி மண்ணில் இருக்கிற தண்ணீர், கீழே பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்கு வந்ததும் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே மண்ணில் தேங்கி நிற்கும். கல் போட்டதால் தேங்குகிற இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். ஓட்டை இல்லாத பாத்திரத்துக்கு மாற்று வழி ஒன்றுதான்: ஓட்டை உள்ள தொட்டியில் செடியை வைத்து, அந்தத் தொட்டியை ஜாடிக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் செம்பு ஈர மண்ணில் கரைந்தால் வேர் வளர்ச்சியை முடக்கும்.

சரி, இப்போது செடியை வெளியே எடுக்கலாம். தரையில் பழைய நியூஸ் பேப்பர் அல்லது சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். ஜாடியைச் சாய்த்து மண்ணோடு மெதுவாக உருவுங்கள். வராவிட்டால் தண்டைப் பிடித்து இழுக்காமல், ஓரமாகக் கரண்டிக் காம்பை விட்டு மண்ணைத் தளர்த்துங்கள். எடுத்த வேரை மெல்லிய தண்ணீர் தாரையில் கழுவுங்கள். மண் போகப் போக வேர் தெரியும். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், அழுத்தினால் விறைப்பாக நிற்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே மெல்லிய நூல் மட்டும் மிஞ்சும். இதை ஒரு தடவை கையால் உணர்ந்துவிட்டால் பிறகு எந்தச் செடியிலும் அழுகலை அடையாளம் காண்பீர்கள்.

அழுகியது எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டுங்கள், வெட்ட வெட்ட நடுவிலும் துடையுங்கள். பாவம் பார்த்து ஒரு கருப்பு வேரை விட்டுவைத்தால் அதிலிருந்து மறுபடி பரவும். தண்டையும் அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே மேலே வாருங்கள். குறுக்குவெட்டு முகம் முழுக்கப் பச்சையாக, ஈரமாக, ஒரு பழுப்புப் புள்ளியும் இல்லாமல் தெரிகிற இடம் வரைக்கும் வெட்ட வேண்டும். மணி பிளான்ட் சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய துண்டுகளைப் பேரப்பிள்ளைகள் வாயில் வைக்காத இடத்தில் போடுங்கள்.

இனி இரண்டு பாதை. மூன்றில் ஒரு பங்காவது நல்ல வேர் மிஞ்சியிருந்தால் சிறிய மண் தொட்டியில் நடலாம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் கொடியைத் துண்டு போட்டுப் புது வேர் விட வைக்க வேண்டும். உங்கள் நிலைமையில் நான் இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்வேன். ஆத்தா வைத்த கொடி இது ஒன்றுதான் இருக்கிறது, அதை ஒரே தொட்டியை நம்பி விடக் கூடாது.

துண்டு போடுவதால் அது வேறு செடி ஆகிவிடுமோ என்ற வருத்தம் வேண்டாம். மணி பிளான்ட் பூப்பது மிக மிக அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்பரலின் என்ற ஹார்மோனை அது தானே போதுமான அளவு சுரப்பதில்லை. பசிபிக் கடலில் மோரேயா என்ற தீவுதான் அதன் பூர்வீகம். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவி வீடுகளில் வளர்வது ஏறக்குறைய எல்லாமே தண்டை வெட்டி வெட்டிப் பெருக்கியவைதான். உங்கள் ஆத்தாவும் யாரிடமோ ஒரு துண்டு வாங்கித்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் வெட்டி வைக்கிற துண்டு அதே செடியேதான்.

நல்ல பச்சையான பகுதியில், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கணுவாவது இருக்கிற மாதிரி வெட்டுங்கள். கணு என்பது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம். அதன் எதிர்ப்புறம் பழுப்பாகச் சின்னக் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். புது வேர் வருவது அங்கிருந்துதான். வெறும் இலையும் காம்பும் மட்டும் தண்ணீரில் போட்டால் நாள்கணக்கில் பச்சையாக நிற்கும், ஆனால் கொடி ஆகாது. கீழ்க்கணுவின் இலையைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணு மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையாக வேர் நீளும். அது இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மிக நீளமாகத் தண்ணீரிலேயே வளரவிட்டால் அந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறும்.

வேர் மிஞ்சிய தாய்ச்செடிக்குத் தொட்டி எடுக்கும்போது பெரிதாக எடுக்காதீர்கள். மிஞ்சிய வேரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். சின்ன வேருக்குப் பெரிய தொட்டி என்றால் குடிக்க ஆள் இல்லாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், மறுபடி அழுகும். மானாமதுரை மண் தொட்டி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். மண் கலவைக்கு நம் ஊர்ச் செம்மண் மட்டும் போட்டால் தண்ணீர் பட்டுப் பட்டு இறுகிவிடும். செம்மண் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, சலித்தெடுத்த பொடிச் சரளையோ உடைத்த செங்கல் துண்டோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அதில் உப்பு இருக்கும். உரக்கடையில் டிரைக்கோடெர்மா விரிடி தூள் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் எடுத்துக் கலவையில் கலந்துவிட்டால் அந்த நல்ல பூஞ்சை அழுகல் கிருமியை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அழுகியதை வெட்டாமல் அதை மட்டும் தூவினால் பயன் இல்லை. அதைப் போட்ட மண்ணில் ரசாயனப் பூஞ்சைக்கொல்லி ஊற்றக் கூடாது, இரண்டும் சேராது.

நட்டதும் ஒரு முறை அடி ஓட்டையில் தண்ணீர் வரும் வரை ஊற்றி வடியவிடுங்கள். அப்புறம் மேல் இரண்டு அங்குலம் காயும் வரை கை வைக்காதீர்கள். கிழமை பார்த்து ஊற்றாமல் மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். மார்கழியில் அது பத்து நாள்கூட ஆகலாம், சித்திரையில் நாலு நாளில் காயலாம்.

தட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கறை படியக் கூடாது என்று எல்லோரும் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோம். நியாயம்தான், அந்தக் கல் ஈரத்தை இழுக்கும், உப்புப் பூக்கும். ஆனால் தட்டில் நிற்கிற தண்ணீரை மண் மறுபடி மேலே இழுத்துக்கொள்ளும். ஓட்டை இருந்தும் இல்லாத கதைதான். தட்டில் மூன்று ஓட்டுச் சில்லை வைத்து அதன் மேல் தொட்டியை நிறுத்துங்கள். ஊற்றி அரைமணி கழித்துத் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள்.

உரத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில்: டிஏபியில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். வயலுக்கு நல்ல உரம். ஆனால் அது உப்பு வகை. வேர் போன செடிக்கு அதைப் போட்டால் மண்ணில் உப்பு ஏறி, வேரில் இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுக்கும். அரிசி கழுவிய தண்ணீரும் டீத்தூளும் நல்ல செடிக்குப் பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் வடிகால் இல்லாத ஜாடியில் அவை புளித்து நாறும், குட்டிக் குட்டிக் கருப்புக் கொசு மாதிரி மொய்க்கிற பூஞ்சை ஈயை வரவழைக்கும். புது இலை ஒன்று முழுதாக விரிந்து, அடுத்தது குருத்து விடுகிற வரை, கலவையில் இருக்கிற தொழு உரத்தைத் தவிர வேறு உரமே வேண்டாம். அதன் பிறகு கைப்பிடி மண்புழு உரம் மேலே தூவினால் போதும்.

இனி வெளிச்சம். செட்டிநாட்டு வீட்டில் இதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். முற்றத்தில் நின்றால் கண் கூசும், ஆனால் நாலு அடி உள்ளே தாழ்வாரத்துக்குப் போனால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும், அதற்கும் உள்ளே பட்டாலைக் கூடத்துக்குள் இன்னும் குறைவு. நம் கண் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. பகல் பதினொரு மணிக்குச் செடி இருக்கிற இடத்தில் கையை நீட்டி, ஒரு முழம் கீழே காகிதத்தில் நிழல் பாருங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக உருவம் தெரிந்தால் மணி பிளான்ட் சமாளிக்கும். நிழலே விழவில்லை என்றால் எந்தச் செடியும் அங்கே நாளடைவில் தேயும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் அழுகல் சீக்கிரம் வரும்.

நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் வெயில் விழுகிற பக்கம் வருடத்தில் மாறும். இப்போது மார்கழியில் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் முற்றத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் வெயில் ஆழமாக உள்ளே வரும். சித்திரை பிறந்த சில நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு ஆவணி 10 வாக்கில் வரை வடக்குப் பக்கம் நிற்கும். அந்த மாதங்களில் உச்சி வெயில் தெற்குத் தாழ்வாரத்து ஓரத்தில் விழும். தையில் நிழலில் சுகமாக இருந்த தொட்டி வைகாசியில் இலை கருகினால் காரணம் இதுதான். தேறுகிற செடிக்கு நேர் வெயில் ஆகாது. இப்போதைக்கு முற்றத்தை ஒட்டி, தெற்குப் பக்கத் தூணோரம் வையுங்கள். சித்திரையில் வடக்குப் பக்கம் மாற்றிவிடுங்கள். முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டிருந்தால் கோடையில் அதன் நேர் கீழே வைக்க வேண்டாம், அந்த அனல் தாங்காது.

தண்ணீரின் தரமும் இங்கே ஒரு பிரச்சினை. பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில், மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால், இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் அதுதான் காரணம். தளிர் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், சுண்ணாம்புத் தண்ணீரால் மண்ணில் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் போயிருக்கிறது. மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி அடி வழியே ஓடவிட்டு உப்பை அலசுங்கள். ஆர்ஓ மெஷினில் இருந்து கழியும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவே கூடாது, உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஏசியில் வடிகிற தண்ணீர் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட நல்லது மழைத்தண்ணீர். முற்றத்து மூலையில் கிடாரம் வைத்துக் கூரைத் தண்ணீர் பிடித்த வீடுகள் இவை. அடுத்த ஐப்பசியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி வைத்தால் உங்கள் நாலைந்து தொட்டிக்கு மாதக்கணக்கில் வரும்.

இலைக்கு அடியிலும் ஒரு பார்வை பாருங்கள். கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. இலை முழுக்க ஊசி குத்தினது மாதிரி வெளிர்ப்புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

மஞ்சளான இலை மறுபடி பச்சை ஆகாது, அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். குருத்தை மட்டும் பாருங்கள். தை பாதிக்குள் குருத்து விட்டால் செடி தேறிவிட்டது என்று நம்பலாம். அதுவரை தினமும் தூக்கிப் பார்ப்பது, இடம் மாற்றுவது, வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்ப்பது வேண்டாம்.

மாசிப் பயணத்துக்கு வருவோம். வீட்டைப் பூட்டினாலும் முற்றத்து வெளிச்சம் நிற்காது, அதனால் தொட்டியை அறைக்குள் கொண்டுபோய் வைக்காமல் தாழ்வாரத்திலேயே விடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் "செடிக்குத் தண்ணி ஊத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவர் பயபக்தியோடு தினமும் ஊற்றுவார். பத்து நாளுக்கு ஒரு முறை, இந்த டம்ளரால் இத்தனை என்று டம்ளரையே பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். ஆள் யாரும் இல்லை என்றால், போகிற அன்று முழுக்க நனைத்து வடியவிட்டு, தொட்டியைவிடக் கொஞ்சம் உயரமாக ஒரு வாளித் தண்ணீரை வைத்து, நைலான் திரியின் ஒரு முனையை வாளியின் அடியிலும் மறு முனையை மண்ணிலும் புதையுங்கள். பருத்தித் திரி அந்த ஒரு மாதத்தில் மக்கத் தொடங்கிவிடும். போவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, மண் சொதசொதவென்று ஆகிறதா என்று பாருங்கள். அப்படி ஆகிவிட்டால் திரியை மெல்லியதாக மாற்றுங்கள். வாளியைத் துணியால் மூடுங்கள்.

திரும்பி வரும்போது ஒருவேளை மண் பாறையாகக் காய்ந்து தொட்டி ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தால், மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியே ஓடிவிடும், வேருக்குச் சேராது. அப்போது தொட்டியைப் பாதி முங்கும்படி வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து எடுத்து வடியவிடுங்கள். தண்ணீரில் வேர் விட்ட துண்டுகளில் இரண்டை இப்போதே மகளுக்கோ பக்கத்து வீட்டு ஆச்சிக்கோ கொடுத்து வையுங்கள். வெளிநாடு என்றால் மட்டும் பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள், செடி கொண்டுபோகப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும்.